அத்தியாயம் 7: எஞ்சினின் சின்னச் சாமான்கள் – எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

புதிய எஞ்சின் வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கையில் இருக்கும் 15, 25 அல்லது 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை இன்னும் சில பருவங்களுக்கு நம்பித்தான் கற்பிட்டியிலும் கண்டக்குழியிலும் உடப்பிலும் சிலாபத்திலும் பலர் கடலுக்குப் போகிறார்கள். அந்த எஞ்சினைச் சின்னச் சாமான்களை மாற்றியே எப்படித் திடமாக்கலாம் என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. பிஸ்டன், கிராங்க் போன்ற பெரிய வேலைகள் இங்கே இல்லை. அவை மெக்கானிக்கின் மேசைக்கு உரியவை.

ஒரு சாமானைக் கழற்றுமுன் அது தாங்குவதற்காகச் செய்யப்பட்டதா, விட்டுக்கொடுப்பதற்காகச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். எரிபொருள் குழாயின் கிளிப், பம்பின் தகடு, மூடியின் போல்ட்டு எல்லாம் தாங்க வேண்டியவை. அவற்றை எவ்வளவு நல்லதாகப் போட்டாலும் நட்டமில்லை. புரொப்பெல்லரின் பின், அதன் உள்ளே இருக்கும் றப்பர், உடம்பில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி ஆகியவை வேறு விதம். பெரிய சாமான் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தாம் முதலில் அழியும்படி செய்யப்பட்டவை அவை. அவற்றைப் "பலமாக்குவது" எஞ்சினைப் பலவீனமாக்குவதாகவே முடியும். கீழே வரும் ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கணக்கு இருக்கும்.

எப்போது செய்வது

மேற்குக் கரையில் சோளகமும் கச்சானும் பலக்கும் மே முதல் செப்டம்பர் வரையான காலத்தில் வெளிக்கடல் தொழில் குறைகிறது. முழுப் பராமரிப்புக்கு ஏற்ற காலம் அதுதான். ஒக்டோபருக்குப் பிறகு கடல் இறங்கிவிட்டால் எஞ்சினைப் பிரித்துப்போட யாருக்கும் மனம் வராது. டொல்பின் பார்க்க உல்லாசப் பயணிகளை ஏற்றுபவர்களுக்கும் நவம்பரில் பருவம் தொடங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கச்சானில் எஞ்சின் நின்றால் காற்று படகைக் கரைப் பக்கம் தள்ளும். வாடையும் கொண்டலும் வீசும் மாதங்களில் நின்றால் படகு மேற்கே, கரையை விட்டு விலகிப் போகும். தொழில் நடக்கும் பருவமே எஞ்சின் நிற்கக் கூடாத பருவமும் ஆகிறது.

கைநூல்களில் "100 மணி அல்லது 6 மாதம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆறு மாதம் என்பது விடுமுறை நாட்களில் மட்டும் படகு ஓட்டுபவரின் கணக்கு. நாளுக்கு 5 மணி நேரம் எஞ்சின் ஓடினால் 20 நாளிலேயே 100 மணி முடிந்துவிடும். மாதத்தை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள். கடலுக்குப் போய் வந்த நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வைத்தாலே போதும்.

தொடங்குமுன்

இரண்டு பிளக் மூடிகளையும் கழற்றிவிடுங்கள். புரொப்பெல்லரில் கை வைக்கும் எந்த வேலைக்கும் இதுதான் முதல் படி. எரிபொருள் தாங்கியின் குழாயையும் பிரித்துவிடுங்கள். கழற்றும் போல்ட்டுகளை வரிசைப்படி ஒரு மட்டையில் குத்தி வையுங்கள். ஒரே பம்பில் இரண்டு நீளத்தில் போல்ட்டுகள் இருக்கலாம். இடம் மாறினால் அலுமினியப் புரி கிழிந்துவிடும்.

எஞ்சினின் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் அதைப் படகில் பூட்டும் பிடியில் உள்ள தகட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "நாற்பது யமஹா" என்று மட்டும் கேட்டால் பெற்றோல் மாதிரியின் சாமான் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு வந்து சேரும். இரண்டும் வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு. பெற்றோலைவிட மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் என்பதால் மண்ணெண்ணெய் எஞ்சினில் அமுக்கத்தைக் குறைத்திருப்பார்கள். ஹெட் கேஸ்கெட், தெர்மோஸ்டாட், பிளக் ஆகியவை மாறுபடலாம்.

1. தண்ணீர் பம்பின் இம்பெல்லர்

இந்தக் கரையில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புக் கொண்டது. ஆனால் அதன் பெரும்பகுதி ஒன்று இரண்டு மீற்றர் ஆழம்தான். அடியில் கடற்புல்லும் சேறும் மணலும். ஆழமில்லாத தண்ணீரில் ஓடும் எஞ்சின் மணலையும் சேர்த்தே குடிக்கிறது. றப்பர் இதழ்கள் தேய்கின்றன. அவை உரசும் துருப்பிடிக்காத தகட்டில் கோடு விழுகிறது. புல் உறிஞ்சும் துளையை அடைத்தால் பம்ப் வறண்டு ஓடி, சிறிது நேரத்திலேயே இதழ்கள் கருகிவிடும்.

இங்கே மேம்படுத்துவது என்றால் இம்பெல்லரை மட்டும் மாற்றாமல் முழுச் செற்றாக மாற்றுவது. இம்பெல்லர், அதன் சாவி, அடித்தகடு, உள் கிண்ணம், கேஸ்கெட் எல்லாம் அதில் இருக்கும். கோடு விழுந்த தகட்டின் மேல் புது றப்பரை வைத்தால் அதுவும் சீக்கிரம் தேயும்.

செய்யும் முறை:

கியர்க் கம்பியின் இணைப்பை விடுவித்து, கீழ்ப்பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றி நேராகக் கீழே இறக்குங்கள். பம்பின் மேல் மூடியைத் திறந்து இம்பெல்லரை எடுங்கள். தண்டில் இருக்கும் சிறு சாவி மணலில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது எங்கேயோ உள்ளே இருக்கிறது என்று பொருள். மேலே போகும் தண்ணீர்க் குழாயிலும் தெர்மோஸ்டாட் வாயிலும் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. அந்தத் துண்டு பிறகு வழியை அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும்.

புதிய இம்பெல்லருக்குத் தண்ணீரில் கரையாத கிறீஸைப் பூசி, தண்டை மேலிருந்து பார்த்து வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே மூடியை அமுக்குங்கள். இதழ்கள் சுற்றும் திசைக்குப் பின்னால் சாய்ந்து படிய வேண்டும். தண்டின் பல்லுகளுக்குக் கிறீஸ் பூசலாம். தண்டின் உச்சித் தலையில் பூச வேண்டாம். அங்கே தங்கும் கிறீஸ் தண்டு முழுதாக ஏறி அமர விடாது.

கீழ்ப்பகுதியைப் பூட்டியபின் பெரிய பீப்பாய் ஒன்றில் நன்னீர் நிரப்பி எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். பக்கத் துளையில் தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பீச்ச வேண்டும்.

2. தெர்மோஸ்டாட்: கழற்றிவிடுவது மேம்படுத்தல் அல்ல

எஞ்சின் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிடும் வழக்கம் கரையில் உண்டு. சூடு உடனே குறையும். ஆனால் மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது முழுதாக எரியாமல் பிளக்கைக் கருப்பாக்கும், சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவும். கொஞ்ச நாளில் ரிங் ஒட்டும். சூடு ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் பம்பிலோ உப்பு அடைத்த வழியிலோ இருக்கும். அதைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே அறியலாம். ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் அளவை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காமல் நின்றாலும், குளிர்ந்த பிறகும் மூடாமல் நின்றாலும் புதிது வாங்குங்கள்.

3. பிளக்

பிளக்கின் எழுத்தும் எண்ணும் அலங்காரத்துக்கு இல்லை. என்ஜிகே வகையில் பி7எச்எஸ் என்று இருந்தால், பி என்பது 14 மில்லிமீற்றர் புரி, 7 என்பது வெப்ப அளவு, எச் என்பது புரியின் நீளம். எண் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது, குறையக்குறையச் சூடானது. கடைசியில் 10 என்று சேர்ந்திருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர். நடுவில் ஆர் வந்தால் உள்ளே மின்தடை உண்டு. அது வானொலித் தொடர்புக் கருவியில் வரும் இரைச்சலைக் குறைக்கும். உங்கள் எஞ்சினின் கைநூல் அனுமதித்தால் ஆர் வகையைப் போடுவது மலிவான நல்ல மாற்றம்.

"சூடான பிளக் போட்டால் மண்ணெண்ணெய் நன்றாக எரியும்" என்று கேட்டு இரண்டு எண் கீழே இறங்காதீர்கள். முழு வேகத்தில் அது பிஸ்டனின் தலையைத் துளைக்கும் அளவுக்குச் சூடாகலாம். கழற்றிய பிளக்கின் நிறமே வழி சொல்லும். இளம் பழுப்பு என்றால் சரி. கருத்து ஈரமாக இருந்தால் ஒயில் அதிகம், எரிபொருள் அதிகம் அல்லது எஞ்சின் குளிர்ந்து ஓடுகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் எரிபொருள் போதவில்லை, அல்லது தண்ணீர் சுற்றவில்லை.

எஞ்சின் ஆறியபின் மாற்றுங்கள். விரலாலேயே முழுவதும் இறக்கி, வோஷர் தொட்ட பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று. அதற்கு மேல் பலம் காட்டினால் ஹெட்டின் புரி போய்விடும்.

4. எரிபொருள் வழி

படகில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் சந்திக்காத நாள் இல்லை. கலனில் வாங்கி, அலையில் ஏற்றி, ஈரக் கையால் மூடியைத் திறக்கிறோம். இந்த அத்தியாயத்தில் பணத்துக்கு அதிகப் பலன் தரும் வேலை தாங்கிக்கும் கைப்பம்புக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துவதுதான். கீழே கண்ணாடிபோல் தெரியும் கிண்ணம் உள்ளதை வாங்குங்கள். 10 மைக்ரோன் இழை போதும். கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவது கண்ணுக்குத் தெரியும். புறப்படுமுன் திருகைத் திறந்து வடித்துவிடலாம். எஞ்சினின் உள்ளே இருக்கும் சிறு ஃபில்டரைக் கழற்ற வேண்டாம். இரண்டும் இருக்கட்டும்.

குழாயைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓ 7840 என்று அச்சிட்ட படகுக் குழாயைத் தேடி வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் எரிபொருளில் ஊறி உள்ளே உரியும். உரிந்த தோல் காபரேற்றரின் ஜெட்டை அடைக்கும். இணைப்புகளில் பிளாஸ்டிக் கட்டுக்குப் பதில் துருப்பிடிக்காத கிளிப். இணைப்பானின் ஓ வளையம் சில ரூபாய்ச் சாமான்தான். ஆனால் அது வெடித்தால் எஞ்சின் எரிபொருளுக்குப் பதில் காற்றை இழுக்கும். கைப்பம்பை அமுக்க அமுக்க இறுகாவிட்டால் முதலில் ஓ வளையத்தைப் பாருங்கள். கைப்பம்பின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் மாற்றிவிடும் வால்வு கசியாமல் இருக்க வேண்டும். பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோரும் அறிந்தது. கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் விடிகாலையில் கயிற்றை இழுத்தே கை சோர்ந்துவிடும்.

ஒயில் டிசி-டபிள்யூ3 என்று குறிக்கப்பட்டதாக இருக்கட்டும். மோட்டார் சைக்கிளின் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் காற்றில் ஆறும் எஞ்சினுக்கானது. தண்ணீரில் ஆறும் எஞ்சினில் அது சாம்பலைச் சேர்க்கும். கலவை அளவைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோலுக்கு எழுதியிருக்கும் அளவு மண்ணெண்ணெய்க்குப் பொருந்தாது.

5. புரொப்பெல்லரும் அதன் பின்னும்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியபோது இந்தக் கரையில் பல படகுகள் கட்டியே கிடந்தன. எரிபொருளை மிச்சப்படுத்த காபரேற்றரைக் குடைவதைவிடப் பொருத்தமான புரொப்பெல்லரைத் தேர்வது மேல். பிளக் கம்பியில் சுற்றி வைக்கும் சிறு சுழற்சிமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வலை, ஐஸ், ஆட்கள் எல்லாம் ஏற்றியபடி முழு வேகத்தில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இது பொதுவாக 4,500 முதல் 5,500 வரை இருக்க வேண்டும்.

4,200இல் நின்றுவிட்டால் பிச் அதிகம். எஞ்சின் மூச்சுத் திணறி ஓடுகிறது. பிச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். இரண்டு அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் அந்த எஞ்சினை அதன் இடத்துக்குக் கொண்டுவரும். வெற்றுப் படகில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நுனி மடிந்த புரொப்பெல்லரைச் சுத்தியலால் நிமிர்த்தி ஓட்டுவதும் நடுக்கத்தைத் தண்டுக்கு அனுப்பி ஒயில் சீலைக் கெடுக்கும்.

சிறிய எஞ்சின்களில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைப்பது ஒரு மென்மையான பின். கல்லிலோ பவளப் பாறையிலோ மோதினால் அது அறுபடும். அடிக்கடி அறுகிறது என்று உருக்குக் கம்பியையோ ஆணியையோ செருகினால் அடுத்த மோதலில் பின் பிழைக்கும், கியர்ப் பல்லு போகும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் ஆணியை வைப்பதும் இதுவும் ஒன்றே. சரியான பின்கள் மூன்று நான்கை வாங்கி மூடிக்குள் ஒட்டி வையுங்கள்.

பெரிய எஞ்சின்களில் பின்னுக்குப் பதில் உள்ளே றப்பர் இருக்கும். அது வழுக்கத் தொடங்கினால் எஞ்சின் கத்தும், படகு போகாது. இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. புரொப்பெல்லரின் உட்குழலில் இருந்து வெளிக்குழல் வரை பெயின்ற்றால் ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு இரண்டாக விலகினால் றப்பர் வழுக்கிவிட்டது.

நட்டின் பிளவு பின்னை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள். அது தாங்க வேண்டிய சாமான். துருப்பிடிக்காத உருக்காகவே இருக்கட்டும். புரொப்பெல்லரைக் கழற்றும் நாளில் தண்டில் சுற்றிய நைலோன் தங்கூசி நூலையும் எடுத்துவிடுங்கள். அது சீலுக்குள் வெட்டிக்கொண்டு போகும்.

6. கியர் ஒயிலின் வோஷர்கள்

கீழ்ப்பகுதியில் இரண்டு திருகுகள் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு வோஷர். இதைப் புதிதாக்காமல் மறுபடி போடுவதால்தான் பல கியர்ப் பெட்டிகளில் கடல்தண்ணீர் புகுகிறது. கீழ்த்திருகைத் திறந்து, பிறகு மேல்திருகைத் திறந்து ஒயிலை வடியுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வோஷரை மாற்றியும் மறுமுறை வெளுத்தால் சீல் போய்விட்டது. புது ஒயிலைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் குமிழி இல்லாமல் வழியும்போது முதலில் மேல்திருகை மூடுங்கள், பிறகு கீழே.

7. துத்தநாகக் கட்டி

களப்பின் தெற்குப் பக்கம் வெயிலில் உப்பு ஏறும். அந்தத் தண்ணீரில் இருந்துதான் புத்தளத்தின் உப்பளங்கள் வாழ்கின்றன. அலுமினிய எஞ்சினுக்கு அது நல்ல தண்ணீர் அல்ல. கட்டி தான் கரைந்து எஞ்சினைக் காப்பாற்றுகிறது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ற் பூசக் கூடாது. பூசினால் அது வேலை செய்யாது. பொருத்தும் இடத்தைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியப் பூட்டுங்கள். ஒரு வருடம் ஆகியும் கட்டி புதிதுபோலவே இருந்தால் மகிழ வேண்டாம். அது உடம்போடு மின்தொடர்பில் இல்லை, எஞ்சின்தான் கரைந்துகொண்டிருக்கிறது.

கலா ஓயா முகத்துவாரப் பக்கம் நன்னீர் கலந்த இடத்தில் படகை நிறுத்துபவர்கள் அலுமினியக் கலவைக் கட்டியைக் கேட்டு வாங்கலாம். உப்புக் குறைந்த தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஓடு கட்டி அது மந்தமாகிவிடும். மக்னீசியக் கட்டி ஆறு குளத்துக்கு மட்டுமே.

8. போல்ட்டுகள்

மூடி, கிளிப், தாங்கிப் பட்டை ஆகியவற்றின் துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு ஏ4 என்று தலையில் பொறித்த துருப்பிடிக்காத வகையைப் போடுங்கள். ஏ2 வகை கடற்கரையில் தேநீர் நிறக் கறை பிடிக்கும். அலுமினியத்துக்குள் போகும் ஒவ்வொரு புரிக்கும் கிறீஸ் கட்டாயம். இல்லையென்றால் இரண்டு உலோகமும் ஒன்றை ஒன்று தின்று, அடுத்த முறை போல்ட்டு தலை அறுந்துதான் வரும்.

ஹெட், ஃபிளைவீல், கிராங்க் பக்கம் உள்ள போல்ட்டுகளை மட்டும் தொடாதீர்கள். 8.8 என்று பொறித்த சாதாரண உருக்கு, ஏ4-70 வகையைவிடப் பலம் கூடியது. பளபளப்பைப் பார்த்து மாற்றினால் பலம் குறைந்துவிடும்.

9. ஸ்டார்ட்டர் கயிறும் நிறுத்துக் கயிறும்

ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிரி விடுமுன்னே மாற்றுங்கள். அதே நீளம், அதே பருமன், நுனியை உருக்கி முடிச்சு. உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கைத் தேவையில்லாமல் வெளியே எடுக்க வேண்டாம். அது பாய்ந்து விரிந்தால் முகத்தையும் கையையும் கிழிக்கும். கியரில் இருக்கும்போது எஞ்சின் தொடங்காதபடி தடுக்கும் கம்பியைச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பூட்டுங்கள். கைப்பட்டையில் மாட்டும் நிறுத்துக் கயிறு இல்லாவிட்டால் இன்றைக்கே வாங்குங்கள். அது இல்லாமல் ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் படகு தன்பாட்டில் வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

10. ரீட் வால்வின் இதழ்கள்

காபரேற்றருக்குப் பின்னால் இருக்கும் உருக்கு இதழ்களுக்குப் பதில் ஃபைபர் இதழ் போடுவது வேகம் விரும்புவோரின் ஆசை. இதில் உண்மையான நன்மை ஒன்று உண்டு. உருக்கு இதழ் உடைந்தால் துண்டு சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கிழிக்கும். ஃபைபர் நார்நாராகப் பிரியும், சேதம் குறைவு. ஆனால் வேகத்தில் கிடைக்கும் மாற்றம் மிகச் சிறிது. பழைய இதழ் படியாமல் நிற்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரிகிறது என்றால் மட்டும், உங்கள் மாதிரிக்கென்றே செய்யப்பட்டதைப் போடுங்கள். திருகுகளுக்குப் புரிப்பசை கட்டாயம். ஒரு திருகு உள்ளே விழுந்தால் எஞ்சின் முடிந்தது.

பணம் குறைவாக இருந்தால் எந்த வரிசையில்

முதலில் இம்பெல்லர் செற்றும் நிறுத்துக் கயிறும். இரண்டாவது தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், குழாய், ஓ வளையம். மூன்றாவது பிளக், கியர் ஒயில், அதன் வோஷர்கள். நான்காவது துத்தநாகக் கட்டி. ஐந்தாவது புரொப்பெல்லர். போல்ட்டுகளைப் போகப்போக மாற்றலாம். ரீட் இதழ் கடைசி.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை

தண்ணீர் புகாத ஒரு பெட்டியில் இரண்டு பிளக்கும் பிளக் ஸ்பானரும், புரொப்பெல்லர் பின்னும் பிளவு பின்னும், ஒரு புரொப்பெல்லர் நட்டு, எரிபொருள் இணைப்பானின் ஓ வளையம், இரண்டு கிளிப், அவசரத்துக்குச் சுற்றி இழுக்க ஒரு கயிறு, குறடு, தட்டைத் திருப்புளி. பத்தலங்குண்டு போல நாட்கணக்கில் தங்கும் தீவுகளுக்குப் போகிறவர்கள் ஓர் இம்பெல்லரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நன்னீர் அரிது. ஒவ்வொரு நாளும் எஞ்சினைக் கழுவ முடியாது. கரைக்குத் திரும்பிய அன்றே பீப்பாயில் ஓட்டி உப்பைக் கழுவிவிடுங்கள். சூடான எஞ்சினுக்குள் காய்ந்த உப்பு கல்லாகிவிட்டால் பிறகு நன்னீரால் மட்டும் அதை எடுக்க முடியாது.